வடக்கே போகும் சாலைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதில் குடும்பத்தோடு வண்டி எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உங்கள் கட்டுரைகளில் அங்கங்கே ஒரு வரி வரும். முழுதாக நீங்கள் எழுதியதில்லை. நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். லீவு விட்டால் பிள்ளைகள் எங்காவது கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறார்கள். கேட்டவர்களெல்லாம் மாமல்லபுரம் போ, ஈசிஆர் போ என்கிறார்கள். நகரத்தைக் குறுக்கே கடந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. நம் பக்கம் லாரியும் புகையும்தான் இருக்கிறது என்கிறார் என் கணவர். நீங்கள் போன இடங்கள் எவை? இன்றைக்கும் போகலாமா? முட்டிவலி உள்ள மாமியாரையும் அழைத்துப் போகவேண்டும்.

தே., கொருக்குப்பேட்டை

அன்புள்ள தே.,

லாரியும் புகையும் உண்மைதான். கண்டெய்னர் வரிசையைத் தினம் பார்க்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆனால் அந்த வரிசையைத் தாண்டி ஒன்றரை, இரண்டு மணி நேரம் போனால் மலை இருக்கிறது, அணை இருக்கிறது, காயல் இருக்கிறது. நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். எங்கள் தெருவில் மளிகைச் சரக்கு ஏற்றும் மெட்டடார் வேன் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி, ஜமக்காளம் விரித்து, நாலைந்து வீட்டுக்காரர்கள் டீசலுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு கிளம்புவோம். அந்த வேன் போன இடங்களையெல்லாம் பின்னாளில் வரைபடத்தில் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே இரண்டு ஆறுகளின் ஓரத்தில் இருந்தன: ஆரணியாறு, கொசஸ்தலையாறு.

முதல் பயணம், வடசென்னையில் பலருக்கும் போலவே, பெரியபாளையம். ஆடி மாதம் பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போவது. வேப்பிலை, கூட்டம், மேளம் எல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிள்ளைகளான எங்களுக்கு அங்கே ஆறுதான் பெரிது. ஆடியில் ஆரணியாற்றில் ஓட்டம் இருக்காது, மணல்தான். முழங்கை அளவு தோண்டினால் தண்ணீர் ஊறும். அந்த ஊற்று தெளியும்வரை குந்திக்கொண்டு காத்திருப்போம். அடிபம்பில் மாறி மாறித் தொங்கிக் குடம் நிரப்பிய பிள்ளைகளுக்கு, கையால் தோண்டினால் தண்ணீர் வருவது நம்பமுடியாத விஷயம். பிறகு லாரி லாரியாக மணலை அள்ளிவிட்டார்கள். இன்று உங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊற்றைக் காட்ட முடியுமா என்று நீங்கள் கேட்டால், அது எனக்கு வலிக்கிற கேள்வி.

அதே ஆற்றைப் பிடித்து மேலே போனால் ஊத்துக்கோட்டை, ஆந்திர எல்லை தாண்டி சுருட்டப்பள்ளி. விஷம் உண்ட சிவன் அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோயில். பிரதோஷத்துக்குப் பாட்டி அங்கே போயே தீரவேண்டும் என்பார். இன்னும் கொஞ்சம் மேலே நாகலாபுரம். வேதநாராயணர் கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மலை கிட்டத்தில் தெரியும். மலைக்குள் ஓடையோரமாக நடந்தால் பாறைக்குழிகளில் பச்சைத் தண்ணீர் நிற்கும். தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு இருப்பதும் அந்தப் பக்கத்து மலைகளில்தான். இந்த இரண்டு இடத்துக்கும் இப்போது போகச் சொல்லமாட்டேன். பிள்ளைகள் வளரட்டும், நீச்சல் கற்கட்டும். வழுக்குப் பாறையும் ஆழம் தெரியாத குழியும் சேர்ந்த இடங்கள் அவை. மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் சொல்லாமல் வரும். போகும்போதும் வனத்துறை அனுமதிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பூண்டிக்கு வருகிறேன். எனக்கு மனசுக்கு மிக நெருக்கமான இடம் அது. செங்குன்றம் ஏரிக்கரையில் கொஞ்சம் நிறுத்தி, தாமரைப்பாக்கம், வெங்கல் வழியாகப் போவோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எந்திரம் எதைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் விடமாட்டார். பூண்டி அணையையும் அப்படித்தான் காட்டினார். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் திறந்தது. கட்டுவதற்குப் பாடுபட்டவர் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி. திறப்பதைப் பார்க்க அவர் இல்லை, 1943இல் இறந்துவிட்டார். இன்று நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயர்தான். கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. இங்கிருந்து கால்வாயில் சோழவரம் ஏரிக்கும் புழல் ஏரிக்கும் போய், கடைசியில் குழாய்க்கு வருகிறது.

முதலில் நாங்கள் போனது எண்பதுகளில் ஒரு வறண்ட கோடையில். ஏரி நடுவே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. அம்மா கரையில் நின்று ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இதுல இருந்தா நமக்குத் தண்ணி வரணும்?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அரிசி களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்ற ஆரம்பித்தார். அடுத்து நாங்கள் போனது ஒரு நல்ல ஐப்பசி முடிந்த பிறகு. மதகுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, சாரல் பாலம்வரை அடித்தது. அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது செய்தியில் எண்களாகப் போட்டார்கள். எனக்கு அந்த வெடித்த தரை தெரிந்தது. ஏரியை நேரில் பார்த்த பிள்ளைக்கு அந்த எண் வேறு மாதிரிப் புரியும். அதனால்தான் பூண்டிக்குக் கட்டாயம் போங்கள் என்கிறேன்.

அதே சுற்றில், கொசஸ்தலைக் கரையில், அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர். பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு தோண்டி ஆராய்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டது. நாங்கள் அந்தப் பக்கம் ஓடித் திரிந்தபோது எங்களுக்கு இது தெரியாது. பூண்டியில் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கற்களைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். திறந்திருக்கும் நாள் விசாரித்துக்கொண்டு போங்கள்.

சரி, கொசஸ்தலையாறு எங்கே முடிகிறது? எண்ணூரில். உங்கள் வீட்டிலிருந்து பக்கம். அப்பா எங்களை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போவார். ஒரு நேரம் உள்ளே ஏறும் கடல்நீர், சில மணி நேரத்தில் வெளியே இறங்கும். மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கையாலேயே தடவி இறால் பிடிப்பவர்களை அங்கேதான் பார்த்தேன். பிறகு அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்தது, வெந்நீர் வந்தது, கரை சுருங்கியது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்து, படகும் வலையும் கறுத்துப்போனதைப் பார்த்தீர்கள்தானே? அழகான இடம் என்று சொல்லி அங்கே உங்களை அனுப்பமாட்டேன். ஆனாலும் பூண்டியைப் பார்த்த பிள்ளைகளை ஒரு மாலை அங்கே கூட்டிப் போய், இது அதே ஆறு என்று சொல்லுங்கள். அங்கே இன்னும் வலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நின்று பேசுங்கள்.

ஆரணியாறு சேருமிடம் பழவேற்காடு. மாமல்லபுரத்தைப் பற்றி யாராவது பெருமையடித்தால் எங்கள் வேன்காரர் உடனே பழவேற்காடு என்பார், நானும் அவர் கட்சி. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. அதில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நம் பக்கத்து முனையில்தான் ஊரும் கலங்கரை விளக்கமும். டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து அத்தையின் சேலைக்குள் ஒளிந்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் பயப்படுவார்களா, கேள்வி கேட்பார்களா தெரியாது, இரண்டுமே நல்லதுதான்.

ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. அதனால்தான் பூநாரைகள் நடந்தே மேய முடிகிறது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்துச் சலித்துத் தின்னும். மழை முடிந்த பிறகு, மார்கழி, தை மாதங்களில் போங்கள். தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஏதாவது கலைத்தால் அந்தக் கோடு எழும்பி இளஞ்சிவப்பாகும். பிள்ளைகளிடம் கைதட்டவேண்டாம், கல்லெறிய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மீனவர்களிடம் பாடு பற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஓலைப் பெட்டி முடையும் பெண்களிடம் ஏதாவது வாங்குங்கள்.

படகு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து ஒரே நேரத்தில் 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை போட்டார்கள். குறைந்த காசுக்கு முகத்துவாரம் வரை கூட்டிப்போகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். கரையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது.

வண்டி இல்லையென்றாலும் பரவாயில்லை. கொருக்குப்பேட்டையிலேயே கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் இருக்கிறது.

உங்கள் மாமியாருக்கு என்றால் நான் சொல்வது இன்னொரு வழி. அதே தடத்தில் சூலூர்பேட்டை வரை போங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காட்டு ஏரியை நடுவே பிளந்துகொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். நல்ல பருவத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் சாலையோரமே நிற்கும். அவர் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், கண்ணாடியை இறக்கினால் போதும். ராக்கெட் தளத்தின் வாசலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் வடக்கே நேலப்பட்டு சரணாலயத்துக்கும் போகலாம். கூழைக்கடாக்கள் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் இடம் அது. அங்கே கொஞ்சம் நடக்கவேண்டும், அதனால் மாமியாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஏரிச்சாலையில் மர நிழல் கிடையாது. விடிகாலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் அங்கே இருங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.