தொட்டிப் படலத்துக்குக் கிராம்பு எண்ணெய் ஊற்றலாமா?

கேள்வி: குடிநீர்த் தொட்டியின் உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் படிகிறது. கழுவினாலும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. குளோரினுக்குப் பதில் கிராம்பு எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள்.

கிராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. அதிலுள்ள யூஜெனால் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்துவிடும். ஆனால் உங்கள் சுவரில் இருப்பவை தனியாக மிதக்கும் கிருமிகள் அல்ல. தாமே சுரந்த பசைக்குள் அடுக்கடுக்காக ஒளிந்திருப்பவை. மேலடுக்கு செத்தாலும் அடியில் உள்ளவை தப்பிவிடும். அப்புறம், இந்த எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, சரியாகக் கரையவும் கரையாது. துளித்துளியாக அடியில் போய்த் தங்கும். சுவரை எட்டிக்கூடப் பார்க்காது.

‘இயற்கை டேங்க் கிளீனர்’ விற்பவர்கள் ஆய்வக அறிக்கையோடு வருவார்கள். கிருமி வளர்க்கும் ஆய்வகத் தட்டின் நடுவே எண்ணெயில் தோய்த்த காகித வில்லை, சுற்றிலும் கிருமி வளராத வெற்று வளையம். பளிச்சென்ற படம்தான். ஆனால் அது படலமாகாத கிருமிகளை வைத்துச் செய்த சோதனை, படலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ‘99.9% அழிக்கும்’ என்றால் பத்து லட்சத்தில் ஆயிரம் மிச்சம். அவை மீண்டும் பெருகிவிடும். லேபிளில் ‘வாசனைப் பொருள்’ என்று போட்டுவிட்டால் கிருமிநாசினிக்குரிய கேள்விகள் எதுவும் வராது என்பது இவர்களுக்குத் தெரியும். கேட்க வேண்டியவர்களுக்கு லேபிள் படிக்க நேரமில்லை போலும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். இலவங்கப்பட்டை எண்ணெயில் உள்ள சின்னமால்டிஹைடு என்ற பொருள், கொல்லாத அளவிலேயே பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயனச் சமிக்ஞையைக் குழப்பி, படலம் உருவாவதைக் குறைக்கும். சரி. ஆனால் அது படலம் பிடிக்கும் முன்பு. அதுவும் ஆய்வகத்தில், சில சொட்டுத் திரவம் கொள்ளும் குழியில், அளவு மாறாமல் இருக்கும்போது. தினமும் காலியாகி நிரம்பும் தொட்டியில் அந்த அளவு எப்படி நிற்கும்? ஏற்கெனவே தடித்த படலத்துக்கு இந்த விதிவிலக்கு பொருந்தவே பொருந்தாது.

குளோரினோடு சேர்த்தும் ஊற்ற வேண்டாம். எண்ணெய் குளோரினைத் தின்றுவிடும், தண்ணீரில் மருந்து வாடையும் ஏறலாம்.

தொட்டியைக் காலி செய்து, பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். பசையைப் பெயர்ப்பது தேய்ப்புதான், மருந்து அல்ல. கழுவி நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி 24 மணி நேரம் விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வெளியேற்றி, நன்றாக அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். நாள்பட்ட பவுடரில் குளோரின் போயிருக்கும். அமிலக் கிளீனர் எதையும் இதோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.