நானோ வெள்ளி ஃபில்டர் மாட்டினால் காய்ச்ச வேண்டாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊர்) ஊற்றுத் தண்ணீர்தான் தொட்டிக்கு வருகிறது. நானோ சில்வர் ஃபில்டர் மாட்டினால் காய்ச்சவே வேண்டாம், மலையில் காய்ச்சினாலும் கிருமி சாகாது என்கிறார் ஏஜென்ட். விலை 18,000. குழந்தைகள் குடிக்க வெள்ளிச் சொட்டு இலவசமாம். வாங்கலாமா ஐயா?

பதில்: அந்தச் சொட்டை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளியைத் தொடர்ந்து குடித்தால் தோல் சாம்பல் நீலமாக மாறும். மாறியது மாறியதுதான், பழைய நிறம் வராது. உடம்புக்கு அதனால் நன்மையும் இல்லை.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். தீக்காயக் களிம்பில்கூட வெள்ளி உண்டு. நானோ துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே இருக்கும் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், பல சமயம் மணிக்கணக்கில். குழாயைத் திறந்ததும் ஃபில்டரைத் தாண்டி ஓடிவரும் தண்ணீரில் எவ்வளவு நடக்கும்? மழைக்காலக் கலங்கல் வந்தால் வெள்ளி அந்த அழுக்கிலேயே சிக்கிக்கொள்ளும். தடித்த கூட்டுக்குள் பதுங்கியிருக்கும் வயிற்றோட்டக் கிருமிகளிடமும் அதன் பாச்சா பலிக்காது.

வெள்ளி நிஜமாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. ஃபில்டருக்குள் தண்ணீரை வடிகட்டும் கேண்டில் என்ற குழலிலும் கரியிலும் நாளாவட்டத்தில் பாசிபோல் ஒரு வழவழப்புப் படியும். கிருமி குடியிருக்க அது தோதான இடம். வெள்ளி பூசிய கேண்டிலில் அது சீக்கிரம் படியாது. நல்ல கம்பெனிகள் வெள்ளி சேர்ப்பதில் பெரும்பாலும் இதுதான் நோக்கம். அதாவது அது ஃபில்டரைக் காக்க; உங்கள் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க அல்ல. நம் குடிநீர்த் தரவிதியில் வெள்ளிக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று உச்சவரம்பும் இருக்கிறது. ஏஜென்ட் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

டெமோ காட்டினாரா? இரண்டு கம்பியை டம்ளரில் விட்டுக் கரண்ட் கொடுத்ததும் உங்கள் தண்ணீர் காவி நிறமாகும். அவருடையது தெளிவாக நிற்கும். அந்தக் காவி, இரும்புக் கம்பி கரைந்த துரு. அவர் காட்டும் உப்பு நீக்கிய தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் துரு வராது, அவ்வளவுதான். டிடிஎஸ் மீட்டரும் உப்பைத்தான் அளக்கும். கிருமியை அதற்குத் தெரியாது. இந்த வித்தையை ஹட்டி ஹட்டியாகக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். முறையாகப் பரிசோதிக்க வேண்டுமானால் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள்.

மருந்து போட்ட பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்து, மலக்கிருமி இருந்தால் கருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் நம் குளிரில் பாட்டிலை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கருக்கவில்லை, தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கதகதப்பான இடத்தில் இரண்டு நாள் இருக்க வேண்டும்.

மலையில் காய்ச்சினால் பலனில்லை என்பது சுத்தப் புரளி. 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டியிலேயே தண்ணீர் சுமார் 93 டிகிரியில் கொதிக்கும். கிருமிக்கு அதுவே தாராளம். தளதளவென்று கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள்.

அந்த 18,000-ல் தொட்டிக்கு மூடி போட்டு, மேட்டுத் தண்ணீர் ஊற்றில் இறங்காதபடி சுற்றிக் கட்டிவிடலாம். முன்பணம் கொடுத்தாயிற்று என்றால், ‘காய்ச்சாமல் குடிக்கலாம்’ என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். போட மாட்டார், அதையே சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.