எறிந்த பந்துக்குப் பாதை எப்படித் தெரிகிறது?

கேள்வி: மேலே எறிந்த பந்து, ‘செயல்’ என்னும் அளவு மிகக் குறைவாக அமையும் பாதையிலேயே செல்கிறது என்று இயந்திரவியலில் படித்தேன். அந்த அளவைக் கணக்கிட இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழிப்பதன் பொருள் என்ன? இன்னும் முடியாத பயணத்தின் மொத்தக் கணக்கைப் பந்து முன்கூட்டியே எப்படி அறியும்?

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 1 கிலோகிராம் நிறையுள்ள பந்து நேர் மேலே எறியப்பட்டு, சரியாக 2 விநாடிகளில் கைக்குத் திரும்புகிறது என்று கொள்வோம். நியூட்டனின் விதிப்படி அது 4.9 மீட்டர் உயரம் எழுகிறது. ஒவ்வொரு கணத்திலும் இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, அந்த மீதியைத் தொடக்கம் முதல் முடிவு வரை காலத்தின் மீது தொகையிட்டால் கிடைப்பதே செயல்; இந்தப் பாதைக்கு அது ஏறத்தாழ −32 ஜூல் விநாடி. அதே 2 விநாடிகளில் பந்து கையை விட்டு நகராமலே இருந்தால் செயல் சுழி. அதே வடிவப் பாதையில் பாதி உயரம் மட்டும் எழுந்து திரும்பினால் −24. இரண்டு மடங்கு உயரம் போய் வந்தால் மீண்டும் சுழி. உயரம் கூடக்கூட நிலை ஆற்றல் வளர்ந்து செயலைக் கீழே இழுக்கிறது. ஆனால் குறித்த நேரத்துக்குள் அவ்வளவு உயரம் போய்வர வேகம் வேண்டும், அதனால் இயக்க ஆற்றல் வளர்ந்து செயலை மேலே தள்ளுகிறது. இந்த இழுபறி சமன்படும் உயரம்தான் 4.9 மீட்டர். கழித்தல் குறி சொல்வதும் இந்த இழுபறியைத்தான்.

1744இல் இத்தத்துவத்தின் தொடக்க வடிவத்தை முன்வைத்த பிரெஞ்சு அறிஞர் மோப்பெர்டுயி, இயற்கையின் சிக்கனத்தையும் படைத்தவனின் ஞானத்தையும் இதில் கண்டார். அழகான எண்ணம்தான், ஆனால் பந்துக்கு எந்த நோக்கமும் தேவையில்லை. முழுப் பாதைக்கும் பொருந்தும் நிபந்தனை அதன் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் பொருந்தியாக வேண்டும். அத்துண்டை மேலும் மேலும் சிறிதாக்கினால் எஞ்சுவது, அந்த இடத்தில் நிலை ஆற்றல் எவ்வளவு சரிவாக மாறுகிறதோ அதற்கேற்ப முடுக்கம் அமைகிறது என்னும் நியூட்டனின் விதியே. ஆகவே பந்து எதிர்காலத்தை அறிய வேண்டியதில்லை.

இருந்தும் ‘ஏன் செயல்?’ என்ற உங்கள் ஐயம் நியாயமானது, ஏனெனில் இதுவரை சொன்னது கணிதச் சமானம் மட்டுமே. இயற்பியல் விடை, மிகச் சிறு துகள்களின் இயல்பை விளக்கும் குவாண்டம் கோட்பாட்டில் இருக்கிறது. 1933இல் இயற்பியலாளர் டிராக் தந்த குறிப்பிலிருந்து தொடங்கி, 1948இல் இயற்பியலாளர் ஃபெயின்மன் வெளியிட்ட விளக்கத்தின்படி, துகளுக்குச் சாத்தியமான எல்லாப் பாதைகளும் சம அளவில் பங்களிக்கின்றன; ஒவ்வொரு பங்களிப்பின் அலைக்கட்டத்தையும், அதாவது அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், அப்பாதையின் செயல் முடிவு செய்கிறது. செயல் 6.6 × 10⁻³⁴ ஜூல் விநாடி, அதாவது பிளாங்க் மாறிலி அளவு, மாறினாலே கட்டம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். நம் பந்தின் செயல், ஒரு ஜூல் விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு மாறினாலும் கட்டம் 10²¹ சுற்றுகளுக்கு மேல் சுழலும். எனவே பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் முகடும் அகடும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பாதையைச் சற்றே அசைத்தாலும் செயல் ஏறக்குறைய மாறாத இடத்தில் மட்டும் அண்டைப் பாதைகள் ஒரே கட்டத்தில் சேர்ந்து வலுப்பெறுகின்றன. நாம் காணும் பாதை அதுவே.

கேள்வி: அப்படியானால் உண்மைப் பாதையின் செயல் எப்போதும் மீச்சிறுமம், அதாவது மிகக் குறைந்த மதிப்புதானா?

பதில்: இல்லை. சுருள்வில்லில் அலையும் குண்டுக்கு, கணக்கில் கொள்ளும் காலம் அரை அலைவு நேரத்துக்குக் குறைவாக இருக்கும்வரைதான் உண்மைப் பாதையின் செயல் மீச்சிறுமம். அதைத் தாண்டினால், பாதையைச் சில விதங்களில் வளைக்கும்போது செயல் கூடும், வேறு சில விதங்களில் குறையும். மலைக் கணவாயின் உச்சியில் நிற்பது போன்ற நிலை அது. கட்டங்கள் ஒன்றுசேர்வதற்கு அவ்விடத்தில் தரை சமமாக இருந்தால் போதும், பள்ளத்தின் அடியாக இருக்க வேண்டும் என்பதில்லை.