மதிப்பெண் வேண்டாம், கேள்வி கேட்கட்டும்

கேள்வி: காரைக்குடி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்காக, வீட்டில் புழங்கும் பொருள்கள் யாருக்கும் அநியாயம் செய்யாமல், மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் தயாரானவையா என்று பார்த்து, பத்துக்கு மதிப்பெண் போட்டு வரச் சொன்னேன். பச்சை இலைப் படம் போட்ட சோப்புக்கு ஒன்பது, பனையோலைக் கொட்டானுக்கு நாலு! காரணம் கேட்டால், "கொட்டான்ல ஒண்ணுமே எழுதலையே மிஸ்" என்கிறார்கள். இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பதில்: மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது அச்சடித்த வாசகம் எதில் அதிகமோ அது ஜெயித்துவிடும். பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: பார்த்துத் தெரிந்தது, கேட்டுத் தெரிந்தது, இன்னும் தெரியாதது. மூன்றாவது கட்டம் நிறைந்திருந்தால் வேலை சரியாக நடக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சோப்பில் ஆரம்பிக்காதீர்கள். அதைச் செய்தவரை உங்கள் பிள்ளைகள் பார்க்க முடியாது. செட்டிநாட்டுப் பள்ளிக்கு உள்ள பெரிய வசதியே, பொருள் தயாராகும் இடம் பக்கத்தில் இருப்பதுதான். தரையில் பதிக்கும் பூக்கல்லைக் கையாலேயே செய்யும் ஆத்தங்குடிக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சூளையே கிடையாது. பளபளவென்று கடையில் விற்கும் விட்ரிஃபைடு டைல்ஸை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட வேண்டும். இதைக் கேட்டதும் வகுப்பே ஆத்தங்குடிக் கல் பக்கம் சாய்ந்துவிடும். அங்கேதான் நீங்கள் அடுத்த கேள்வியைப் போட வேண்டும்: சிமெண்ட் எப்படி வந்தது? சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி அளவில் சுட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். அதில் வெளியேறும் கரியமில வாயு கொஞ்சநஞ்சமல்ல. மணல் எங்கிருந்து வருகிறது? ஈரச் சிமெண்டில் நாள் முழுக்கக் கை வைப்பவரின் தோல் என்னாகிறது, கையுறை உண்டா? ஒரு கல்லுக்குக் கூலி எவ்வளவு? அப்புறம், பெரிய வீடுகளில் தாத்தா காலத்தில் பதித்த தரை இன்னும் கிடக்கிறதே, இத்தனை வருஷம் உழைக்கும் பொருளையும் சில வருஷத்தில் பெயர்த்துப் போடும் பொருளையும் ஒரே விலைப் பட்டியலில் வைத்துப் பார்க்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு அங்கேயே ஓரளவு பதில் கிடைக்கும். பதில் வாங்கிப் பழகிய பிள்ளை சோப்பைக் கையில் எடுத்தால், இலைப் படம் எதற்கும் பதில் சொல்லவில்லை என்பது அதற்கே புரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். பட்டறைக்குப் போகும் பிள்ளைகள் அதிகாரிகள் மாதிரி நோட்டை நீட்டி விசாரிக்கக் கூடாது. முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், வேலை நெருக்கடி இல்லாத நேரத்தில் போங்கள், கூலி பற்றி முதலாளி முன்னால் தொழிலாளியைக் கேட்காதீர்கள். அந்தப் பதிலால் அவருக்கு வேலை போகலாம்.

கொட்டானுக்கு வருவோம். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் குறியீடு பொருள் எந்த வட்டாரத்தது என்பதற்குத்தான் உத்தரவாதம். முடைந்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது, சாயத் தண்ணீர் எங்கே போனது என்று அது சொல்லாது. ஆகவே கொட்டானுக்கும் மூன்றாவது கட்டம் உண்டு. நம் ஊர்ப் பொருள் என்பதற்காக அதைக் காலியாக விட அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: பள்ளியில் சொல்லிக் கொடுத்ததிலிருந்து என் மகள் பாமாயிலை வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள். காடழித்து எடுக்கிறார்களாம். தீபாவளிக்கு விசைத்தறிச் சேலை எடுத்தால் பாவமாம், கைத்தறிக் கண்டாங்கிதான் கட்ட வேண்டுமாம். எங்கள் வருமானத்துக்கு இதெல்லாம் கட்டுபடியாகுமா?

பதில்: உங்கள் மகளின் அக்கறை நல்லது, அதை அடக்கிவிடாதீர்கள். ஆனால் பாடம் அவளுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப் பனைக்காகப் பெரும் மழைக்காடுகள் அழிந்தது உண்மை. ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப் பனை தரும் எண்ணெய் சோயா, நிலக்கடலை தருவதைவிடப் பல மடங்கு என்பதும் உண்மை. எல்லோரும் பாமாயிலை விட்டுவிட்டு வேறு எண்ணெய்க்கு மாறினால் அதற்கு இன்னும் அதிக நிலம் வேண்டும். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிச் சமைக்கும் தாயைக் குற்றவாளி ஆக்கும் பாடத்தை நான் ஏற்கமாட்டேன். காட்டை அழித்தவரை விட்டுவிட்டு அடுப்படியில் நிற்பவரைக் கேள்வி கேட்பது எந்த வகை நியாயம்?

மகளிடம் வேறொரு வேலை கொடுங்கள். வீட்டுக்கு வரும் பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படிக்கட்டும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும்படிதான் சேர்மானங்களை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். பாமாயில் எத்தனை பாக்கெட்டில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அவளே எழுதட்டும். குறைக்க முடிந்தது அங்கேதான், குறைத்தால் காசும் மிச்சம்.

சேலைக்கு வருகிறேன். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே கட்டமும் கரையும் போட்டு விசைத்தறியில் ஓட்டியதையும் கண்டாங்கி என்றே விற்கிறார்கள். ஓரத்து நூல் ஒன்றை உருவிப் பெரியவர்கள் கொளுத்திப் பார்த்தால், பருத்தி காகிதம் மாதிரி மணந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். ஆனால் விசைத்தறியிலும் பருத்தி ஓடும் என்பதால் இந்தச் சோதனை தறியைக் காட்டாது. அதற்குக் கைத்தறி முத்திரையைத்தான் கேட்க வேண்டும். கைத்தறி விலை கொடுத்து விசைத்தறிச் சேலை வாங்கி வருவது நெசவாளிக்கும் உங்களுக்கும் சேர்த்து நஷ்டம். கையில் பணம் இல்லாத வருஷம் விசைத்தறிச் சேலையையே எடுங்கள், விசைத்தறி விலைக்கு எடுங்கள். அதையும் நெய்தவர் ஒரு தொழிலாளிதான். நிறையக் கட்டி, பழசானதும் தொட்டிலாகவும் கைத்துணியாகவும் ஆக்கும் வீடு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: ஜவுளிக்கடையில் "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று அச்சடித்த பைக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். துணி மாதிரி இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் பையன் "இது பிளாஸ்டிக்" என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: பொடிப்பொடியாகப் புள்ளி அமுக்கினது போல இருந்து, நூலை உருவ வராமல் தாள் மாதிரிக் கிழிந்தால் உங்கள் பையன் சொல்வதுதான் சரி. அது பாலிப்ரொப்பிலீன், நெய்யாத பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அது தவிர, ஆதாரம் காட்டாமல் "இயற்கை", "பசுமை", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று வாங்குபவர் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி வைத்திருக்க வேண்டும்.

முதலில் கடையில் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசலாம். பைக்குக் காசு வாங்கிய பில்லையும், அந்த வாசகம் தெரிகிற மாதிரி எடுத்த படத்தையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். கண்டுபிடித்தது பையன்தானே, போனை அவனிடமே கொடுத்து நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.