சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலும் நடையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பதினோரு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுக் கோத்தகிரிக்குத் திரும்பியவன் நான். எம்ஆர்டி என்பது அங்கே ஓடும் மெட்ரோ ரயில். விடுமுறைக்கு அங்கே கிளம்பும் நீலகிரிக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து: சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலிலேயே போகலாமா?

தாராளமாக. அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீலப் பாதைக்கு மாறுங்கள். அந்த ரயில் நேராக லிட்டில் இந்தியா போகும்.

அருவங்காட்டிலிருந்து: அப்பா, அம்மா, நான் மூன்று பேர். ரயில் கட்டணத்துக்கு என் வங்கி அட்டை ஒன்று போதுமா?

போதாது. ஊட்டி பஸ்ஸில் ஒருவரே மூன்று டிக்கெட் வாங்குவது போல அங்கே முடியாது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். உள்ளே போகும்போது நிலையக் கதவில் தட்டிய அதே அட்டையைத்தான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். போனில் தட்டி உள்ளே போனால் வெளியே வரவும் அதே போன்தான். வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியைக் கிளம்பும் முன்பே வங்கியில் கேட்டுத் திறந்து வையுங்கள்.

பர்லியாரிலிருந்து: ரயிலில் டுரியன் பழம் கொண்டு போகலாமா?

கூடாது. நம் பர்லியார்ப் பழத்தின் வாசனை உங்களுக்குத் தெரியும்தானே! ரயிலில் சாப்பிடுவதும் குடிப்பதும்கூடத் தடை, தண்ணீர் உட்பட. அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும்.

ஊட்டியிலிருந்து: லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம். மாரியம்மன் கோயிலுக்கு மேக்ஸ்வெல் நிலையம்தான் பக்கம் என்கிறார்களே?

பக்கம்தான். ஆனால் நீங்கள் புறப்படும் இடத்தையும் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதாப் பாதையில் டோபி காட், கிளார்க் கீ, அடுத்து சைனாடவுன். மாறவே வேண்டாம். மேக்ஸ்வெல்லுக்கு என்றால் சைனாடவுனையும் தாண்டி ஊட்ரம் பார்க் போய், பழுப்புப் பாதைக்கு மாறி, ஒரு நிலையம் திரும்பி வர வேண்டும். பழுப்புப் பாதையிலேயே இருக்கும் ஆர்ச்சர்ட் பக்கம் தங்குகிறவர்களுக்கு மேக்ஸ்வெல் சரி.

சைனாடவுனில் 'ஏ' வாயிலில் ஏறினால் பகோடா தெரு. அதன் கடைசியில் கோயில். வாயில் எழுத்தை மட்டும் மறக்காதீர்கள். தப்பான வாயிலில் ஏறினால் சாலையின் மறுபக்கம் நிற்பீர்கள்.

கேத்தியிலிருந்து: பகோடா தெரு என்பது பக்கத்துப் புத்தர் கோயிலால் வந்த பேர். மாரியம்மன் கோயிலோடு ஏன் சேர்க்கிறீர்கள்?

இல்லவே இல்லை. நீங்கள் சொல்லும் புத்தர் பல் கோயில் 2007-இல் திறந்தது. தெருப் பெயர் அதைவிட மிகப் பழையது. அந்தக் காலத்து ஐரோப்பியர் நம் கோயில்களைப் 'பகோடா' என்றார்கள். அந்தத் தெருவின் பெயர் நம் மாரியம்மன் கோபுரத்தால் வந்தது. 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில் அது. அடுத்த தெரு மசூதித் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமே பள்ளிவாசலால் வந்த பெயர். சைனாடவுன் என்ற பெயருக்கு நடுவே இரண்டு தெருக்கள் நம் ஆட்களின் கதையைச் சொல்கின்றன. அங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்.

கேத்தியிலிருந்து மறுபடியும்: எங்கள் கைடு அப்படிச் சொல்லவில்லையே.

நான் சொன்ன வருடங்களை அவரிடம் காட்டுங்கள்.

கூடலூரிலிருந்து: எங்கே ரயில், எங்கே நடை என்று எப்படி முடிவு செய்வது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ரயில் வரைபடத்தில் இருக்கும் தூரம் வேறு, தரையில் இருக்கும் தூரம் வேறு. பென்கூலனும் பிராஸ் பாசாவும் வரைபடத்தில் வேறு வேறு பாதைகள். தெருவில் சில நிமிட நடைதான். பென்கூலன் நிலையமோ 43 மீட்டர் ஆழத்தில். எஸ்கலேட்டரில் இறங்கி ஏறும் நேரத்தில் நடந்தே போய்விடலாம்.

ஆனால் ஊட்டிக் குளிரில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற கால் அங்கே இரண்டிலேயே தளரும். நிலநடுக்கோட்டுப் புழுக்கம் அப்படி. அதனால் உச்சி வெயிலில் சிட்டி ஹாலிலிருந்து எஸ்பிளனேடு போக நிலத்தடிக் கடைவீதி வழியே நடங்கள், மழையும் படாது. மாலையில் மேலே நடக்கலாம்.

மஞ்சூரிலிருந்து: குடும்பத்துக்கே ஓர் அட்டை எடுத்தால்...

அருவங்காட்டுப் பதிலைப் படியுங்கள். ஆளுக்கு ஒன்று.

கோத்தகிரியிலிருந்து: விசாவுக்கு எத்தனை நாள்?

அது எனக்குத் தெரிந்த துறை இல்லை. டிராவல்ஸில் கேளுங்கள்.

வெலிங்டனிலிருந்து: கோயிலுக்கு எந்த வாயில் என்றீர்கள்?

'ஏ'. சைனாடவுன், 'ஏ'.