கைடு புத்தகத்தில் எந்தப் பக்கத்தை நம்பலாம்?

வெளிநாடு போகும்போது கைடு புத்தகம் வாங்கிக்கொண்டு போவதில் இன்றைக்கும் பயன் உண்டா, அதில் இருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கேள்வி. தாராளமாக வாங்குங்கள். ஆனால் எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி நம்பிவிடாதீர்கள். இதை நான் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

2017 ஜூலையில் கம்போடியாவில் அங்கோர் கோயில்களைப் பார்க்கப் போயிருந்தோம். என்னிடம் இருந்தது 2014-இல் வந்த பதிப்பு, தெரிந்தவர் ஒருவர் கொடுத்தது. மூன்று நாள் டிக்கெட் 40 டாலர், சியெம் ரீப் ஊரிலிருந்து அங்கோர் வாட்டுக்குப் போகும் நேர் சாலையிலேயே டிக்கெட் கொடுக்கும் இடம் என்று அதில் இருந்தது. சில ஓட்டுநர்கள் கமிஷனுக்காக வேறு எங்காவது கூட்டிப்போவார்கள், கவனம் என்றும் ஒரு வரி இருந்தது. சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று விடியும் முன்பே டுக்டுக்கில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநர் நேர் சாலையை விட்டு வேறு பக்கம் திரும்பினார். நான் நிறுத்தச் சொன்னேன். போன் வெளிச்சத்தில் புத்தகத்தின் வரைபடத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, இந்த வழியாகப் போங்கள் என்று விரலால் காட்டினேன். "டிக்கெட், நியூ, நியூ" என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. அச்சில் இருக்கிறதே! சரி என்று வண்டியைத் திருப்பி நான் சொன்ன வழியிலேயே ஓட்டினார். அங்கே டிக்கெட்டைச் சரிபார்க்கிறவர்கள்தான் நின்றிருந்தார்கள், எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிக்கெட் மையம் 2016-லேயே புது இடத்துக்குப் போய்விட்டது. 2017 பிப்ரவரி 1 முதல் மூன்று நாள் டிக்கெட் 62 டாலர், ஒரு நாள் டிக்கெட் 20-லிருந்து 37. நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது.

உதயம் போனதுகூடப் பரவாயில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடப் பழைய ஒரு பக்கத்தை நம்பி, அந்த ஊரிலேயே இருக்கும் ஒரு நேர்மையான மனிதரைச் சந்தேகப்பட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அவர் கோபப்படவும் இல்லை, கூடுதலாகக் காசு கேட்கவும் இல்லை.

அதே நாள் பிற்பகல் அதே புத்தகத்தோடு அங்கோர் வாட்டின் சிற்பச் சுற்றுக்குள் நுழைந்தேன். கோயில் மேற்கு பார்த்தது, ஆகவே முகப்பில் வெயில் விழுவது பிற்பகலில்தான், சிற்பங்களை மேற்கு வாசலிலிருந்து வலது பக்கம் திரும்பி, கோயில் நம் இடது கைப்பக்கம் இருக்கும்படி சுற்றி வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. அப்படியே செய்தேன். முதலில் குருக்ஷேத்திரம். இடது ஓரத்திலிருந்து கௌரவர் படை, வலது ஓரத்திலிருந்து பாண்டவர் படை. ஓரங்களில் வரிசை கலையாமல் நடக்கிற வீரர்கள் நடுவே வரவர ஒருவர் மேல் ஒருவராகச் சிக்கிக்கொள்கிறார்கள், பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். மேற்கு வெயில் தூண்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்து, கல்லில் ஒவ்வொரு அம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கே நிற்பது, எதை முதலில் பார்ப்பது என்று அந்தப் புத்தகம் சொல்லாமல் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் நடந்து முடித்திருப்பேன். மூன்று மணி நேரம் இருந்தேன். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் சிற்பத்துக்குப் போனபோது கால் வலி தாங்கவில்லை, இருந்தாலும் கிளம்ப மனம் வரவில்லை.

காலையில் ஏமாற்றிய புத்தகம் மாலையில் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது. 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பது மாறப்போவதில்லை, டிக்கெட் விலை எப்போது வேண்டுமானாலும் மாறும். அதற்கப்புறம் எந்தக் கைடு புத்தகத்தைத் திறந்தாலும், இந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் பழசாகும் என்று கேட்டுக்கொண்டுதான் படிக்கிறேன்.

மெதுவாகப் பழசாகும் பகுதிகளை எத்தனை வருடம் கழித்தும் நம்பலாம். கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து பௌசானியாஸ் என்பவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த குறிப்புகள் ஒருவகையில் கைடு புத்தகம்தான். கிரேக்கத்தின் பழைய நகரமான மைசீனியில் அரசர்களின் கல்லறைகள் கோட்டை மதிலுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று அதைப் படித்து முடிவுசெய்து, ஜெர்மானிய அகழ்வாய்வாளர் ஷ்லீமன் 1876-இல் உள்ளே தோண்டினார். தங்க முகமூடிகளோடு கல்லறைகள் கிடைத்தன. அது ஷ்லீமன் நினைத்த அகமெம்னான் அரசனுடைய கல்லறை இல்லை என்று பின்னால் தெரிந்தது, ஆனால் தோண்டிய இடம் சரி.

வேகமாகப் பழசாகிறவற்றில் விலை எல்லாருக்கும் தெரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைவிட ஆபத்தானது ஆலோசனை. ஜப்பானுக்குப் போனால் ரயில் பாஸ் வாங்கிவிடுங்கள் என்று பல வருடங்களாகப் புத்தகங்கள் சொல்லிவந்தன, அன்றைக்கு அது சரிதான். ஏழு நாள் பாஸ் 29,650 யென், டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வந்தாலே கிட்டத்தட்ட அந்தக் காசு வந்துவிடும். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கினார்கள். இப்போது டோக்கியோ, கியோட்டோ மட்டும் பார்க்கிறவர் பாஸ் வாங்கினால் நஷ்டம். பழைய புத்தகத்தைப் படிக்கிறவர் விலை மாறியிருக்கும் என்று யோசிப்பார், அந்த விலையின் மேல் நின்ற ஆலோசனையும் சேர்ந்தே விழுந்துவிட்டது என்பது சட்டென்று தோன்றாது. புத்தகத்தில் "இதுதான் லாபம்" என்று எங்கே பார்த்தாலும் அந்தக் கணக்கை இன்றைய விலையில் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சில சமயம் ஊரே மாறிவிடும். இஸ்தான்புல்லில் பழைய அட்டாடுர்க் விமான நிலையத்தில் பயணிகள் சேவை 2019 ஏப்ரலில் நின்று எல்லாம் புது நிலையத்துக்குப் போய்விட்டது, ஆகவே அதற்கு முந்தைய புத்தகத்தில் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பக்கம் முழுக்க வீண். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறியது, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதியிலும் அன்றே சேர்ந்தது. ஒரே நாளில் புத்தகத்தின் பணப் பக்கமும் விசா பக்கமும் போயின. மால்டாவின் அஸ்யூர் விண்டோ என்ற கடலோரப் பாறை வளைவு 2017 மார்ச்சில் புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

விசா விஷயத்தில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. புது புத்தகமாகவே இருந்தாலும் அந்தப் பக்கத்தை நம்ப வேண்டாம். அது யாரை வாசகராக நினைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள், பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர். "விசா தேவையில்லை" என்ற வரி அவருக்குச் சரி, உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தப்பாக இருக்கலாம். தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்று, புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் வருடமும் தகவல் திரட்டிய வருடமும் ஒன்றில்லை. எழுதுகிறவர் ஊர் ஊராக அலைந்து, எழுதி, அது சரிபார்க்கப்பட்டு, வரைபடம் போட்டு, அச்சாகிக் கடைக்கு வருவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். அடுத்த பதிப்பு வர இரண்டு மூன்று வருடம், அதிகம் பேர் போகாத நாடு என்றால் இன்னும் மேலே. ஆகவே இந்த வருடம் வாங்கிய புத்தகம் என்றாலும் உள்ளே இருப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய ஊர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. கடையில் அட்டையைப் பார்க்காமல் உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை முதலில் திருப்புங்கள்.

எழுதுகிறவரும் மனிதர்தானே. ஒரு பெரிய நாட்டில் இருக்கிற ஒவ்வொரு விடுதியிலும் ஒருவர் படுத்து எழுந்து வந்து எழுத முடியாது. கொலம்பியா கைடு புத்தகத்தில் வேலை செய்த ஒருவர் தான் அந்த நாட்டுக்கே போகவில்லை என்று சொன்னது 2008-இல் பெரிய சர்ச்சையானது, அவரிடம் கொடுத்தது வரலாற்றுப் பகுதிதான் என்று பதிப்பகம் விளக்கம் சொன்னது. அப்புறம், ஒரு விடுதியின் பெயர் பிரபலமான புத்தகத்தில் வந்துவிட்டால் அதன்பின் அந்த விடுதி பழையபடி இருப்பதில்லை. கூட்டம் வரும், விலை ஏறும், கவனிப்பு குறையும். விடுதிப் பட்டியலை நான் பெயருக்காகப் படிப்பதே இல்லை, எந்தப் பகுதியில் தங்கினால் எங்கெல்லாம் நடந்தே போகலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறேன். அது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அப்படியானால் போனில் தேடினால் போதாதா என்று கேட்பீர்கள். இன்றைய நேரம், இன்றைய விலை, இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் போன்தான், சந்தேகமே இல்லை. ஆனால் போனில் கிடைப்பது நீங்கள் கேட்டதற்குப் பதில். என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாதபோது புத்தகம் வேண்டும். பாற்கடல் சிற்பம் கிழக்குச் சுற்றில் இருக்கிறது என்று தெரியாத நான் அதை எப்படித் தேடியிருப்பேன்? இணையத்து மதிப்பீடுகளிலும் கலப்படம் உண்டு. 2017-இல் லண்டனில் ஒருவர் தன் தோட்டக் கொட்டகையை உணவகம் என்று பதிவுசெய்து, நண்பர்களை வைத்துப் பொய் மதிப்பீடு எழுதவைத்து, இல்லாத அந்த உணவகத்தை நகரத்தின் முதல் இடத்துக்கே கொண்டுவந்து காட்டினார்.

போன் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. தென்கொரியாவில் கூகுள் மேப்பை நம்பி நடப்பது பல வருடங்களாகச் சிரமமாக இருந்துவந்தது, அந்த நாட்டு வரைபடச் செயலியான நேவர் மேப்தான் உதவியது. சீனாவில் கூகுளே கிடைக்காது. அங்கே ஒரு ராத்திரி டாக்ஸியில் இடத்தின் பெயரை நான் எத்தனை விதமாக உச்சரித்தும் ஓட்டுநருக்குப் புரியவில்லை. புத்தகத்தில் ஒவ்வொரு இடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் சீன எழுத்தில் அச்சிட்டிருந்தது ஞாபகம் வந்து அதைத் திறந்து கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வண்டிக்குள் எரிந்த சின்ன விளக்கடியில் புத்தகத்தைத் தூரத் தள்ளிப் பிடித்துப் படித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். நான்கு எழுத்துதான், அன்றைக்கு அந்தப் புத்தகத்தின் முழு விலைக்கும் ஈடு.

வாங்கும் முன் நான் செய்யும் சோதனை ஒன்று. அந்தப் பதிப்பகம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஓர் ஊரைப் பற்றி எழுதியிருந்தால், நூலகத்திலோ கடையிலோ அந்தப் பக்கங்களை மட்டும் நின்று படியுங்கள். நீங்கள் தினமும் நடக்கும் தெருவைப் பற்றி அவர்கள் சரியாகச் சொல்லியிருந்தால், பார்க்காத ஊரைப் பற்றிச் சொல்வதையும் ஓரளவு நம்பலாம்.

படிப்பதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். பெரும்பாலோர் விமானத்தில்தான் முதல்முறை திறக்கிறார்கள், அதற்குள் தங்கும் இடம், தேதி எல்லாம் முடிவாகியிருக்கும். பாரிஸில் லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பது செவ்வாய் காலை வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா? மச்சு பிச்சு மாதிரி இடங்களில் இப்போது நேரம் குறித்த டிக்கெட், முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் வாசல்வரை போய்த் திரும்ப வேண்டிவரலாம். டிக்கெட், நேரம், போக்குவரத்து என்று புத்தகத்தில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் பென்சிலில் ஒரு கோடு போட்டு, கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த இடங்களின் இணையதளத்தில் சரிபார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். ஒரு சாயங்காலத்து வேலை.

விலைக்கு வருகிறேன். புத்தகத்தில் இருக்கும் தொகை தப்பாக இருந்தாலும் விகிதம் பெரும்பாலும் நிற்கும். ஒரு விடுதி இன்னொன்றைப்போல மூன்று மடங்கு விலை என்றால் இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், விமான நிலைய டாக்ஸி பேருந்தைவிடப் பத்து மடங்கு என்றால் அதுவும் அப்படித்தான். இன்றைய விலை ஒன்று தெரிந்தால் மற்றதை ஊகித்துவிடலாம்.

சங்க நூலான மலைபடுகடாத்தில் மலைவழி போகப்போகிறவர்களுக்கு, பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைக்காவலர் எறியும் கவண்கல் வரும், பார்த்துப் போங்கள் என்று போய்வந்தவர் சொல்கிறார். நல்ல கைடு புத்தகத்திடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். அங்கோர் புத்தகத்தை நான் தூக்கிப்போடவில்லை. டிக்கெட் பக்கத்தில் 40-ஐ அடித்து 62 என்று எழுதி, வரைபடத்தில் புது டிக்கெட் மையத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு, "ஓட்டுநர் இங்கே திரும்பினால் சரிதான்" என்று எழுதிவைத்தேன். 2019-இல் ஒரு நண்பர் அதை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அதில் அவருடைய கையெழுத்தில் இன்னும் ஆறேழு திருத்தங்கள் இருந்தன, சிற்பச் சுற்றுப் பக்கத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.