பெட்டகத்துக்குள் இருந்த றிவோல்வர்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பப்பாவின் பெட்டகத்தில் பழைய றிவோல்வர் ஒன்று கிடைத்தது. இதைத் தொடக்கமாக வைத்துப் பழைய இராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேர்க்க ஆசை. எப்படித் தொடங்குவது?"

தம்பி, அதை இனித் தொடாதீர்கள். உள்ளே தோட்டா இருக்கலாம். பழசு என்றாலும் அது துப்பாக்கிதான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அப்பப்பாவிடம் பத்திரம் இருந்திருந்தாலும் அது அவருக்கு மட்டுமே உரியது, பேரனுக்கு வராது. ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள், அவர்களே வந்து எடுக்கட்டும். நீங்கள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். நம் மட்டக்களப்பு மாவட்டம் போரில் பட்டபாட்டுக்குப் பிறகு இதில் விளையாட்டு கூடாது.

துருவைச் சுரண்டவும் வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குகிற கையோடு இதையும் மினுக்கினால், அடையாள முத்திரைகள் தேய்ந்துபோகும். உதாரணத்துக்கு, பிரிட்டிஷ் இராணுவத்தின் வெப்லி மார்க் 6 றிவோல்வர் 1915இல் சேவைக்கு வந்தது, தோட்டா அளவு 0.455 அங்குலம், ஆறு தோட்டா கொள்ளும். அதன் உடலில் காக்கைக் கால் போல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அரச உடைமை என்பதற்கான முத்திரை அது. 1932இல் வந்த என்ஃபீல்ட் 0.38 றிவோல்வரிலும் அதைக் காணலாம். சேகரிப்பவர் முதலில் தேடுவது இதையும், தோட்டா போடும் உருளையிலும் உடலிலும் உள்ள தொடர் இலக்கங்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும்தான்.

சரி, ஆசையை என்ன செய்வது? துப்பாக்கியை விட்டுவிட்டு அதன் உறையில் தொடங்குங்கள். பழைய தோல் உறை, இடுப்புப்பட்டிக் கொளுவி, தொப்பிச் சின்னம் எல்லாம் கண்ணைப் பழக்கும். உறையின் மடிப்பைத் தூக்கிப் பாருங்கள்: ஆண்டும் அதே அம்புக்குறியும் பதிந்திருக்கலாம். ஒல்லாந்தர் காலத்து என்று விற்க வரும் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கிகளைக் கண்டால் ஒதுங்குங்கள். பித்தளை பளபளக்கும் புதுப் போலிகள் ஏராளம். அசலாக இருந்தால் அப்புறம் வேறு சிக்கல்: 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும், அனுமதியின்றி நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. புளியந்தீவுக் கோட்டைப் பக்கம் மண்ணைக் கிண்டி எடுத்தால் அது அரசுக்கே சொந்தம்.

தோல் உறைக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், மென்மையாகி இற்றுப்போகும். நம் மாரிக் காற்றில் ஒரு கிழமையிலேயே வெண்பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே அமிலமற்ற தாளைச் சுருட்டி வைத்து, மாரியில் மாதம் இரண்டு முறை மாற்றி, நிழலில் காற்றாட விடுங்கள்.